கடைசி ரெய்டில் தூக்கிய கை

போன மாதம் உங்கள் கபடி கேம்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் கோச் மைக்கைப் பிடித்து, "இவர்தான் அந்த ஆளு. ரெஃப்ரி பார்க்காத டச்சுக்குத் தானே கையைத் தூக்கிட்டு வெளியே போனவர். ஃபைனலே போச்சு, ஆனா மனுஷன் பொய் சொல்லலை" என்று அறிமுகப்படுத்தினார். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். நானும் வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கும்பிடு எனக்கு நன்றாகவே பழகிப்போய்விட்டது.

பேசி முடித்ததும் உங்களில் ஒருத்தி எழுந்து கேட்டாள். கவர் பொசிஷனில் ஆடுகிறவளாம். "சார், அந்த மேட்ச்ல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஜோடி யாரு சார்? அவரு என்ன சொன்னாரு?"

இதுவரை யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஒரு பையன்மா, பேரு மறந்துபோச்சு" என்றேன்.

பேர் மறக்கவில்லை. சம்பத். வருஷா வருஷம் பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறான். நானும் இரண்டு கை கூப்பிய பொம்மையைத் திருப்பி அனுப்புகிறேன். அவன் பேரைத்தான் ஹால் நிறையப் பிள்ளைகள் முன்னால் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கோச்சுக்குப் பிடிக்காமல் போகலாம். போனால் போகட்டும்.

நம் வேலையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரைடர் வருவான், தொடையைத் தட்டுவான், துள்ளுவான், போட்டோவுக்கு நிற்பான். டிஃபெண்டர் காத்திருப்பான். கார்னரில் நிற்கிற எனக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் ஜோடி. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு நிற்போம். ரைடர் இருக்கும்போது வாய் பேச முடியாது, கைதான் பேசும். ஒரு தடவை அழுத்தினால் பொறு. இரண்டு தடவை அழுத்தினால் பாய். கட்டிய பெண்டாட்டியின் கையைக்கூட நான் அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

எங்கள் காலத்தில் டிபார்ட்மென்ட் ஆட்டங்களுக்கு டிவி கிடையாது, ரெவ்யூ கிடையாது. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. ரைடர் உன்னைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குப் போய்விட்டால், அம்பயர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், நீயே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். தூக்காதவனை மற்ற டீமில் ஒருத்தனும் மதிக்க மாட்டான். டீக்கடையில் பக்கத்தில்கூட நிற்க மாட்டான்.

நான் கையைத் தூக்குவதில் பேர் வாங்கியவன். இரண்டு மூன்று மேட்சில் தூக்கியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். ரைடருக்கு மட்டுமே கிடைக்கிற கைதட்டல் ஒரு கார்னருக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும்? ருசி கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டேன். இதை நான் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், சொன்னவனை அடித்திருப்பேன்.

அந்த வருஷம் எங்கள் டீமுக்கு நான்தான் கேப்டன். நானும் இன்னும் மூன்று பேரும் பர்மனென்ட். மற்ற பையன்கள் எல்லாம் ஸ்டைபண்ட், வேலை கிடையாது, மாசப் படி மட்டும்தான். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பத் ஸ்டைபண்ட். வாணியம்பாடிப் பக்கத்துப் பையன். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒற்றை ரூமில் பெண்டாட்டியோடு குடியிருந்தான். காலையில் நான் பைக்கை எடுத்தால் பின்னால் ஏறிக்கொள்வான். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு வயது வரம்பு உண்டு இல்லையா? அவனுக்கு அதுதான் கடைசி வருஷம். ஸ்போர்ட்ஸ் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு வைத்து, "ஃபைனலுக்கு மட்டும் போங்க. இந்தப் பையன்களை பர்மனென்ட் பண்றதுக்கு நான் மேல எழுதுறேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷர்தான்.

கடைசி லீக் ஆட்டம். கடைசி ரெய்டு. ஸ்கோர் சமம். டிரா ஆனாலே நாங்கள் ஃபைனல். எங்கள் பக்கம் களத்தில் நாலு பேர்தான் இருந்தோம், அதனால் ரெய்டுக்கு வருகிறவனுக்கு போனஸ் பாயின்ட் கிடையாது. யாரையாவது தொட்டே ஆக வேண்டும். நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், பிடிக்கப் போகாமல் தள்ளி நிற்பது.

அவன் வந்தான். நல்ல உயரம், நீளக் கை. நடுவில் நின்றவனை மிரட்டிவிட்டுச் சட்டென்று என் பக்கம் திரும்பித் தாழ்ந்து கையை வீசினான். சம்பத் என்னைப் பின்னால் இழுத்தான். நான் காலைத் தூக்கினேன். என் குதிகாலில் ஏதோ உரசியது. அவன் திரும்பி ஓடி நடுக்கோட்டைத் தாண்டி விரலைத் தூக்கிக் காட்டினான். எல்லா ரைடரும் காட்டுவதுதான், தொடாவிட்டாலும் காட்டுவார்கள். அம்பயர் தலையை ஆட்டிவிட்டார். டச் இல்லை. விசில் ஊதினார்கள்.

எங்கள் பையன்கள் கத்திக்கொண்டு என் மேல் ஏற வந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

யோசித்துத் தூக்கினேனா என்று கேட்டால், இல்லை. குதிகாலில் உரசியது, கை மேலே போய்விட்டது. கூட்டம் ஒரு நொடி அப்படியே அடங்கி, பிறகு ஒரே கைதட்டல். எதிர் டீம் ரைடர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நானே ஒத்துக்கொண்டதால் அம்பயர் பாயின்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார், ஒரு பாயின்டில் தோற்றோம். சம்பத்தின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. அவன் அதை அழுத்தினான், ஒரு தடவை. பொறு என்று. நான் கையை உதறிவிட்டுக் கோட்டுக்கு வெளியே நடந்தேன்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். சீஃப் கெஸ்ட் எனக்குத் தனியாக ஒரு சால்வை போட்டார். "தோத்தாலும் இவருதான் ஜெயிச்சாரு" என்றார். போட்டோ எடுத்தார்கள்.

டிரெஸ்ஸிங் ரூமில் ஒருத்தன் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் ஒரு பையன்கூட என்னைக் குறை சொல்லவில்லை. கேப்டன் டச் என்று சொன்னால் டச். சம்பத் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அது அவன் கை இல்லணா."

"என்னடா சொல்ற?"

"என் காலு. உங்கள இழுக்கும்போது என் ஷூ உங்க குதிகால்ல இடிச்சுது. எனக்குத் தெரிஞ்சுதுணா."

"அதை அங்கயே சொல்றதுக்கு என்னடா கேடு?"

"நீங்க கையைத் தூக்கிட்டீங்களேணா. சீனியரு தூக்கின கையை நான் எப்பிடி இறக்கச் சொல்றது? அமுத்திப் பார்த்தேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேலை போகிற பயத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்தேன். அதற்குள் எங்கள் டீம் மேனேஜர் கதவருகே நின்று என்னை மட்டும் கூப்பிட்டார். கன்னடக்காரர், நல்ல மனுஷர். வராண்டாவில் ஓரமாக நிறுத்தி மொபைலை நீட்டினார். கடைசி ரெய்டை அவர் சைடில் இருந்து எடுத்திருந்தார்.

"கேப்டன், இல்லி நோடி. டச் ஆகில்லா." இங்கே பாருங்கள், டச் ஆகவில்லை என்கிறார்.

பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரைடரின் விரலுக்கும் என் காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. என் குதிகாலில் இடித்தது சம்பத்தின் ஷூதான்.

"ரெஃப்ரி இன்னும் கிரவுண்ட்லதான் இருக்காரு. கேப்டன் நீங்கதான். புரொடெஸ்ட் கொடுக்கணும்னா இப்பவே கொடுக்கணும். ஏன் மாடோணா?" என்று கேட்டார்.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். தோளில் சால்வை இருந்தது. வெளியே மேடையில் சீஃப் கெஸ்ட் இன்னும் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் போய், ஐயா, நான் கையைத் தூக்கியது தப்பு, டச் இல்லை, பாயின்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஆபீசர் மிரட்டியதும் பேச்சை மாற்றிவிட்டான் என்பார்கள். சிரிப்பார்கள். சால்வையைக் கழற்றி எங்கே வைப்பது என்றுகூட யோசித்தேன், நம்புங்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி யோசித்ததைவிட அந்தச் சால்வையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

"விட்டுடுங்க சார். சொன்னாலும் ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். "வீடியோவையும் அழிச்சிடுங்க. பசங்க மனசு கஷ்டப்படும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அழித்துவிட்டார். ஒத்துக்கொண்டிருப்பார்களா, மாட்டார்களா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்?

உள்ளே வந்தபோது சம்பத் தலையைத் தூக்கிப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான். "கிளம்பலாம், பஸ் வந்துடுச்சு" என்றேன்.

மறுநாள் பேப்பரில் என் போட்டோ வந்தது. அந்த மாதமே ஸ்டைபண்ட் பையன்களுக்குப் புதுப்பிக்கவில்லை. மற்றவர்கள் வயதில் சின்னவர்கள், வேறு டீமுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். சம்பத்துக்குத்தான் வழியில்லை. கான்ட்ராக்டர் மூலமாக ஹெப்பகோடியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தான். பின்னால் டிவியில் காட்டுகிற பெரிய லீக் வந்து டிஃபெண்டருக்கும் மவுசு வந்தபோது அவன் ஷிப்டில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு? எனக்கென்ன, எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. புரமோஷன் வந்தது. நேர்மையான ஆள், பிள்ளைகளை நம்பி விடலாம் என்று சொல்லி லீக் டீமில் டிஃபென்ஸ் கோச்சாக எடுத்தார்கள். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பேசக் கூப்பிட்டார்கள். கார் அனுப்பினார்கள். ஏசி ஹாலில் என் பழைய போட்டோவைப் பெரிய திரையில் போட்டு, பக்கத்தில் 'இன்டெக்ரிட்டி' என்று எழுதியிருந்தார்கள். எச்ஆர் அம்மா ஒருத்தர், "அந்த செகண்ட்ல உங்க மைண்ட்ல என்ன ஓடுச்சு சார்?" என்று கேட்டார். "மனசாட்சிம்மா" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். கிளம்பும்போது ஒரு தொட்டிச் செடி கொடுத்தார்கள். பிறகு வேறு வேறு கம்பெனிகளுக்கும் போனேன். எல்லா இடத்திலும் அதே கேள்வி, அதே மனசாட்சி. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உங்கள் கேம்பில் அந்தப் பெண் கேட்ட பிறகு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏறி ஹெப்பகோடிக்குப் போனேன். சம்பத்திடம் முன்பே போன் பண்ணியிருந்தேன். ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழேயே வந்து நின்றான். முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. தோள் மட்டும் பழைய தோள்.

"என்னாணா திடீர்னு? பொண்ணுக்கு ஏதாச்சும் விசேஷமா? பத்திரிகை வைக்க வந்தீங்களா?"

"சும்மாதான்டா. பார்த்து ரொம்ப நாளாச்சு."

மாடியில் இரண்டு ரூம் வீடு. அவன் மனைவி தனலட்சுமி கார்மென்ட்ஸில் தைக்கிறாள். "வாங்கணா, உக்காருங்க" என்று சேரைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ போடப் போனாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனே அதை அணைத்தான்.

"அண்ணா, நானே உங்க வீட்டுக்கு வந்து ஒன்னு சொல்லணும்னு இருந்தேன். தைரியம் வரல."

"என்னடா?"

"அன்னிக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல உங்ககிட்ட அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுணா. என் காலுதான்னு. வேல போற டென்ஷன்ல ஏதோ உளறிட்டேன். நீங்க வெளியே போயிட்டு வந்து எதுவும் பேசல பாருங்க, அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், நான்தான் தப்பா நெனச்சிட்டேன்னு. டச் இல்லாம நீங்க கையைத் தூக்குவீங்களா? உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டமேன்னு இத்தினி வருஷமா ஒரே உறுத்தல். மன்னிச்சிருங்கணா."

நான் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவன் வேலைதான் என்னால் போனது என்று நினைத்திருந்தேன். அவன் காலில் அவனே உணர்ந்ததை, இத்தனை வருஷம் அவனே நம்பாமல் இருக்கும்படி செய்துவிட்டிருக்கிறேன். அப்படியே எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவனே மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான், 'விடுடா' என்று தோளைத் தட்டினால் முடிந்தது விஷயம். அந்த நினைப்பு வந்ததற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

"டேய், அது உன் காலுதான்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை.

"மேனேஜர் வீடியோ எடுத்திருந்தாரு. அன்னிக்கே பார்த்துட்டேன். அவன் கை என் மேல படவே இல்ல. புரொடெஸ்ட் கொடுக்கலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். வீடியோவையும் அழிக்கச் சொன்னேன்."

"ஏன்?"

அவன் 'ணா' போடவில்லை. வெறும் ஏன்.

"அவமானமா இருந்துச்சுடா. அத்தனை பேரும் கைதட்டிட்டாங்க."

சம்பத் எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "தனம், இங்க வா" என்று கூப்பிட்டான். அவள் டீ டம்ளர்களோடு வந்தாள். "இதை இவகிட்டயும் சொல்லுங்க" என்றான்.

"எதுக்குடா..."

"சொல்லுங்க."

முதல் தடவை சொன்னதைவிட இரண்டாவது தடவை கஷ்டமாக இருந்தது. அவனிடம் சொன்னபோது ஆட்டக்காரர்கள் பாஷையில் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. டச், புரொடெஸ்ட், வீடியோ. தனலட்சுமிக்கு அதெல்லாம் தெரியாது. நான் பார்த்தேன், உன் புருஷன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன் என்று ஒவ்வொன்றாக உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நீ வந்து சொன்னது நெசந்தானா?"

"சொன்னேன்ல."

"நான் நம்பலியே. பேப்பர்ல வேற போட்டிருந்தான். பெரிய மனுஷன் நேர்மையா இருந்திருக்காரு, நீ உன் வேல போனதுக்கு அவர் மேல கத கட்டுறன்னு எவ்வளவு பேசினேன். எங்க அப்பா முன்னாடி வெச்சுக் கேட்டேனே." அவள் டம்ளர்களைக் கீழே வைக்காமலே நின்றாள். "அப்புறம் நீயும் அதப் பத்தியே பேசாம விட்டுட்ட."

"விடு" என்றான் சம்பத்.

அவள் டீயை எங்கள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு, கையைத் தூக்கவே வேண்டாம் என்று நான் சொன்னதாக எவனாவது எடுத்துக்கொண்டால் மண்டையில் குட்டுவேன். தொட்டால் தூக்குங்கள். ஆனால் தொட்டது என்று உங்களுக்குத் தோன்றுவது மட்டும் போதாது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார். கூட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் பாருங்கள். ஜூனியராக இருந்தாலும் கேளுங்கள். அப்படியும் தப்புப் பண்ணிவிட்டால், பண்ணியது பத்து பேருக்குத் தெரிந்து சிரிக்கட்டும், போய்ச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே சொன்னால் சிரிப்போடு போய்விடும். கவர் ஆடுகிற பெண்ணுக்கு என் பதில் இதுதான். அவர் பேர் சம்பத். 'பொறு' என்று சொன்னார்.

அன்றைக்கு டீயைக் குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. சம்பத் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ரோடு முழுக்க வண்டி. ரோட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருந்தான்.

படிக்கட்டுக்குக் கீழே நின்று, "ஏதாச்சும் சொல்லுடா. திட்டிட்டாவது போ" என்றேன்.

அவன் என்னை நேராகப் பார்த்தான். கோபம்கூட இல்லை. ஆபீசில் தெரியாத ஆளிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகத்தான் பேசினான்.

"பார்த்துப் போங்க, சார்" என்றான்.